மெயில் லிங்கைத் தட்டினால் ஏன் எதுவும் திறப்பதில்லை: மூன்று கணினிகளைச் சரிசெய்த விதம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் இரண்டு கணினிகள், புதுச்சேரியில் கடற்கரைச் சாலைக்கு அருகே ஒரு தங்கும் விடுதியில் ஒரு மடிக்கணினி. மூன்றிலும் புகார் ஒன்றுதான்: வலைப்பக்கத்தில் இருக்கும் மின்னஞ்சல் முகவரியைத் தட்டினால் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் நிரலில் புது மடல் திறக்க வேண்டும், திறக்கவில்லை. காரணம் ஒவ்வொன்றிலும் வேறு.

"குரோமை எடுத்துட்டுத் திரும்பப் போட்டாச்சு சார், அப்பவும் அப்படியேதான் இருக்கு" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அப்படித்தான் இருக்கும். குரோமை நீக்கும்போது பழைய தரவையும் அழிக்கச் சொல்லி டிக் போடாவிட்டால், பழைய அமைப்புகள் பயனர் கோப்புறையிலேயே கிடந்து, புதிதாக நிறுவியதும் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். கோளாறு விண்டோஸ் பக்கம் இருந்தாலோ, பிரவுசரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

ஒரு மெயில் லிங்க் மூன்று கை மாறுகிறது. முகவரியின் தொடக்கத்தில் முக்காற்புள்ளிக்கு முன்னால் நிற்கும் சொல்லை முதலில் பிரவுசர் பார்க்கிறது. எச்டிடிபி என்றால் தானே திறக்கும். மெயில்டூ (மின்னஞ்சலுக்கு), டெல் (தொலைபேசி எண்ணுக்கு), வாட்ஸ்அப் போன்ற வேறு சொல் என்றால், தன்னிடம் அதற்கு ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லாவிட்டால் இயங்குதளத்திடம் கொடுக்கும். இயங்குதளம் அந்தச் சொல்லுக்குப் பதிவாகியிருக்கும் நிரலைத் தேடி ஓட்டும். நிரல் முகவரியை வாங்கிப் பிரித்துப் படிக்கும். எந்தக் கையில் நழுவுகிறது என்று தெரியாமல் எந்த அமைப்பையும் தொடக் கூடாது.

அதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் மெயில்டூ என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் ஏதாவது ஒரு மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்து என்டர் தட்டுங்கள். தண்டர்பேர்டு திறந்தால் விண்டோஸ் சரி, தவறு பிரவுசரில். திறக்காவிட்டால் பிரவுசரைப் பற்றிய பேச்சையே விட்டுவிடலாம்.

புதுச்சேரியில் இந்தச் சோதனையே ஒரு முறை ஏமாற்றியது. அது பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்த மடிக்கணினி, பிரெஞ்சு விசைப்பலகை அமைப்பு. நம் ஊர் விசைப்பலகையில் பழகிய விரல் பார்க்காமல் அடித்தால் எம் வர வேண்டிய இடத்தில் காற்புள்ளி விழும், ஏ இடத்தில் க்யூ விழும், முக்காற்புள்ளிக்குப் பதில் பெரிய எம் வரும். விண்டோஸ் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லிவிடும், நாமும் கோளாறு விண்டோஸில்தான் என்று முடிவுகட்டிவிடுவோம். என்டர் தட்டுவதற்கு முன் பெட்டியில் விழுந்திருப்பதை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இனி மஞ்சக்குப்பம். முதல் கணினியில் ரன் பெட்டியிலிருந்தும் தண்டர்பேர்டு திறக்கவில்லை. ஆனால் மேசைத்திரையில் இருந்த ஐகானைத் தட்டினால் திறந்தது, குழப்பம் அதனால்தான். விசாரித்தபோது விவரம் வந்தது: சி டிரைவில் இடம் போதவில்லை என்று தண்டர்பேர்டு கோப்புறையை அப்படியே வெட்டி டி டிரைவில் ஒட்டி, புது ஐகான் உருவாக்கியிருக்கிறார்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் மெயில்டூவுக்கு எதிரே இருக்கும் கட்டளை வரி இன்னும் சி டிரைவைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. ஐகானுக்கும் அந்த வரிக்கும் சம்பந்தமில்லை.

ரெஜிஸ்ட்ரியில் கையால் பாதையைத் திருத்தலாம், ஆனால் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். அந்தக் கட்டளை வரியின் கடைசியில் மேற்கோள் குறிகளுக்குள் "%1" என்று இருக்கும். தட்டிய முகவரி முழுவதும் அந்த இடத்தில்தான் வந்து உட்காரும். திருத்தும்போது அது தவறிப்போனால், நிரல் திறக்கும், பெறுநர் கட்டம் காலியாக இருக்கும். "திறக்குது, ஆனா அட்ரஸ் வரமாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். தண்டர்பேர்டை முறையாக நீக்கி, நிறுவும்போதே டி டிரைவைத் தேர்ந்தெடுத்து நிறுவினோம். மடல்கள் தனிச் சுயவிவரக் கோப்புறையில் இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. இருந்தாலும் அந்தக் கோப்புறையை முதலில் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டுதான் கை வைத்தோம்.

நிறுவியதோடு வேலை முடியாது. விண்டோஸ் 8 முதல், எந்த நிரல் இயல்புநிலை என்ற தேர்வை விண்டோஸ் ஒரு சரிபார்ப்புக் குறியீட்டோடு சேர்த்துப் பதிந்து வைக்கிறது. நிரலோ ஸ்கிரிப்டோ சத்தமில்லாமல் மாற்றினால் குறியீடு பொருந்தாது, விண்டோஸ் அந்தத் தேர்வைச் செல்லாததாக்கிவிடும். ஆகவே பயனரே கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ் போய், மேலே உள்ள பெட்டியில் மெயில்டூ என்று ஆங்கிலத்தில் அடித்தால் இப்போது எந்த நிரல் என்று காட்டும். அதைத் தட்டி தண்டர்பேர்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் 10-இல் அதே பக்கத்தின் அடியில் புரோட்டோகால் (லிங்கின் தொடக்கச் சொல்) வாரியாகத் தேர்ந்தெடுக்கும் வரி இருக்கும்.

இதே பக்கத்தில் இன்னும் இரண்டு செத்த பதிவுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. விண்டோஸோடு வந்த பழைய மெயில் செயலிக்கு 2024 டிசம்பர் 31-உடன் ஆதரவு நின்றது. ஸ்கைப் சேவை 2025 மே மாதம் மூடப்பட்டது. தொலைபேசி எண் லிங்குகளை ஸ்கைப்புக்கு ஒப்படைத்திருந்த கணினிகளில் எண்ணைத் தட்டினால் இப்போது பயன் எதுவும் இருக்காது. அவற்றையும் அங்கேயே மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது கணினியில் ரன் பெட்டி சரியாக வேலை செய்தது. குரோமில் மட்டும் லிங்கைத் தட்டினால் ஜிமெயில் தாவலாகத் திறந்தது. என்றோ ஒரு நாள் ஜிமெயிலைத் திறந்தபோது, மின்னஞ்சல் லிங்குகளை எல்லாம் நானே திறக்கட்டுமா என்று அது கேட்டிருக்கும், யாரோ சம்மதம் கொடுத்திருப்பார்கள். அந்தச் சம்மதம் விண்டோஸின் தேர்வுக்கு முந்திக்கொள்ளும். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், அடிஷனல் பெர்மிஷன்ஸ், புரோட்டோகால் ஹேண்ட்லர்ஸ் என்று உள்ளே போனால் ஜிமெயில் பெயர் இருக்கும். பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி நீக்கினோம், வேலை முடிந்தது.

குரோமில் தட்டினால் சத்தமே இல்லாமல் போகும் இடங்களில் எஃப்12 அழுத்தி கன்சோல் தாவலைத் திறந்து வைத்துக்கொண்டு திரும்பத் தட்டுங்கள். குரோம் திரையில் சொல்லாததை அங்கே எழுதிவைக்கும். பதிவான நிரல் இல்லை என்ற வரி வந்தால் விண்டோஸ் பக்கம் போக வேண்டும். பயனரின் செய்கை தேவை என்ற வரி வந்தால், வலைப்பக்கம் நாம் தட்டாமலேயே நிரலைத் திறக்கப் பார்க்கிறது, குரோம் தடுக்கிறது என்று பொருள். இணையவழிக் கூட்டத்தில் சேரும் லிங்குகளில் இது நடக்கும். தானாகத் திறக்கும் என்று காத்திராமல், பக்கத்தில் இருக்கும் பொத்தானை நேரடியாகத் தட்டினால் வழிவிடும்.

புதுச்சேரி மடிக்கணினியில் ஃபயர்பாக்ஸ். ரன் பெட்டிச் சோதனையில், எழுத்தைத் திருத்திய பிறகு, தண்டர்பேர்டு திறந்தது. ஃபயர்பாக்ஸ் எந்த வகை லிங்கை எதில் திறப்பது என்று தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது: செட்டிங்ஸ், ஜெனரல், அப்ளிகேஷன்ஸ். மெயில்டூ வரியில் வேறொரு நிரல் என்று கைகாட்டி, பென் டிரைவில் இருந்த தண்டர்பேர்டைக் கொடுத்திருந்தார்கள். பென் டிரைவ் அன்று ஈ என்ற எழுத்தில் இருந்தது, இப்போது எஃப். பாதை அறுந்துவிட்டது. அந்த வரியில் இயல்புநிலை நிரலைத் தேர்ந்தெடுத்ததும் சரியானது.

அந்தப் பட்டியல் காலியாகவோ தாறுமாறாகவோ தெரிந்தால், சுயவிவரக் கோப்புறையில் உள்ள ஹேண்ட்லர்ஸ் டாட் ஜேசன் என்ற கோப்புதான் கெட்டிருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனாலும் இப்படி ஆகலாம். ஹெல்ப் பட்டியலில் ட்ரபிள்ஷூட்டிங் பக்கத்தைத் திறந்து, புரொஃபைல் ஃபோல்டர் வரியில் உள்ள பொத்தானால் கோப்புறைக்குப் போய், ஃபயர்பாக்ஸை முழுவதும் மூடிவிட்டு, கோப்பின் பெயரை மட்டும் மாற்றுங்கள். அடுத்த முறை திறக்கும்போது புதிதாக உருவாக்கிக்கொள்ளும். மூடாமல் மாற்றினால் வெளியேறும்போது பழையதையே திரும்ப எழுதிவிடும் வாய்ப்பு உண்டு.

விடுதியில் இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது, தமிழில் எழுதும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. விடுதியின் வலைத்தளத்தில் ஆங்கில முன்பதிவு லிங்க் திறந்தது, தமிழ் லிங்க் திறக்கவில்லை. தமிழ் லிங்கில் மடலின் உள்ளடக்கமும் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருந்தது. மெயில்டூ முகவரிக்குள் தமிழ் அப்படியே பயணம் செய்வதில்லை. ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்து, ஆக ஒரு தமிழ்க் குறிக்கு 9 எழுத்து. புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறிகள். வணக்கம் என்ற சொல்லில் 7 குறி, முகவரியில் அது 63 எழுத்து. விண்டோஸில் இப்படிக் கைமாற்றப் பாதுகாப்பான எல்லை சுமார் 2,000 எழுத்து. தமிழில் 220 குறி வந்தாலே எல்லையைத் தொட்டுவிடும், கிட்டத்தட்ட முப்பது சொல். ஆங்கிலத்தில் அதே அளவு மடல் ஒரு தொந்தரவும் இல்லாமல் போய்விடும், ஆகவே வலைத்தளம் செய்தவருக்கு இது தெரிவதே இல்லை. உள்ளடக்கத்தை ஒரு வரியாகக் குறைத்து, தலைப்பை மட்டும் தமிழில் விட்டதும் லிங்க் திறந்தது.

திறந்த மடலின் தலைப்பில் சொற்களுக்கு இடையே கூட்டல் குறிகள் நின்றன. வலைப் படிவங்களில் இடைவெளிக்குக் கூட்டல் குறி போடும் வழக்கம் உண்டு. மெயில்டூ முகவரியில் கூட்டல் கூட்டலாகவே இருக்கும், இடைவெளிக்கு %20 என்றுதான் எழுத வேண்டும், வரி முறிவுக்கு %0டி%0ஏ.

லினக்ஸ் கணினி என்றால் ரன் பெட்டிக்குப் பதில் டெர்மினலில் எக்ஸ்டிஜி-ஓப்பன் கட்டளையோடு அதே முகவரியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அங்கே "%1" செய்யும் வேலையைச் செய்வது நிரலின் டெஸ்க்டாப் கோப்பில் எக்ஸெக் வரியின் கடைசியில் வரும் %யு. உபுண்டு 22.04 முதல் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற தனித்து அடைத்த பொதியாக வருவதால், வெளி நிரல்களை போர்ட்டல் என்ற இடைச்சேவை வழியாகத்தான் திறக்கும். டெர்மினலில் திறந்து, ஃபயர்பாக்ஸில் திறக்காவிட்டால், வெளியேறித் திரும்ப லாகின் செய்து அந்தச் சேவையைப் புதிதாகத் தொடங்கவிட்டுப் பாருங்கள்.