அரைமணி நேரம் எங்கே இருக்கிறது? திருவரங்கத்திலிருந்து ஒரு நாட்குறிப்பு

18 நவம்பர் 2024, திங்கள்

அலுவலக மருத்துவ முகாமின் அறிக்கை இன்று கைக்கு வந்தது. உயரம் 155 செ.மீ., எடை 72 கிலோ, இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ., மூன்று மாத இரத்தச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.1 விழுக்காடு. இந்தச் சராசரி 6.5ஐத் தொட்டால் நீரிழிவு, 5.7க்கும் அதற்கும் இடைப்பட்டது நீரிழிவுக்கு முந்தைய நிலை. இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டுமாம். எடையைவிட இந்த 94தான் என்னை உறுத்துகிறது, ஏனெனில் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பே இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது என்று மருத்துவர் விளக்கினார். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், எடையில் 5 முதல் 7 விழுக்காடு குறையட்டும், வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடங்கள் என்றார். எனக்கு அது நான்கைந்து கிலோ. கேட்பதற்கு எளிய கணக்குதான்.

21 நவம்பர், வியாழன்

150 நிமிடம் என்றால் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி. அந்த அரைமணி எங்கே இருக்கிறது என்று இன்று உட்கார்ந்து பார்த்தேன். காலை 4.45க்கு எழுந்து பால் காய்ச்சி, காப்பி கலந்து, காலை உணவும் மதியத்துக்கான மூன்று டப்பாக்களும் தயாரித்து, அத்தைக்கு மாத்திரை எடுத்து வைத்து, 8.40 பேருந்தைப் பிடித்து அலுவலகம் போய், மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பி, மறுபடியும் அடுப்படியில் நுழைந்து, பாத்திரம் துலக்கி முடிக்கும்போது பத்தாகிவிடுகிறது. நேரமில்லை என்று சொல்லும் பெண்களிடம் ‘மனமிருந்தால் நேரம் கிடைக்கும்’ என்று அறிவுரை சொல்பவர்கள் பெரும்பாலும் தம் காப்பியைத் தாமே கலக்காதவர்கள் என்பது என் நெடுநாள் எண்ணம்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களும், அவ்வேலையில் கைகொடுக்கும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகத் தெரியவந்தது. இந்த எண்களை இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் சொன்னேன். நான் கேட்டது அனுதாபத்தை அன்று, வேலைப் பங்கீட்டை. முடிவில் காலைக் காப்பியும் காய் நறுக்குவதும் கணவர் பொறுப்பு என்றும், இரவுப் பாத்திரங்கள் பிளஸ் டூ படிக்கும் மகன் பொறுப்பு என்றும் ஆயிற்று. மகன் சற்று முகம் சுளித்தான். அது நியாயமே, எனக்கும் அந்த வேலை பிடித்ததில்லை.

25 நவம்பர், திங்கள்

காலையில் 5.15க்குக் கிளம்பி, கோயிலைச் சூழ்ந்த உத்திர வீதிகளைச் சுற்றி நடக்கிறேன். பேசிக்கொண்டே நடக்க முடியும், பாட முடியாது என்ற அளவு வேகமே மிதமான உடற்பயிற்சி என்பதற்கு அடையாளம். காய் நறுக்கி முடிவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பதால் இது இருபது நிமிடத்தைத் தாண்டுவதில்லை. மீதியை அலுவலகப் பயணத்தில் எடுத்துக்கொள்கிறேன். மத்தியப் பேருந்து நிலையம் வரை போகாமல் தலைமை அஞ்சலக நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டால் அலுவலகத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிட நடை.

ஒரே மூச்சில் நடந்தால்தான் பலன் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமே முன்பு குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்று வரையறுத்திருந்தது; 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டு, எந்த அளவு அசைவும் கணக்கில் சேரும் என்று கூறிவிட்டது. என்னைப் போன்றவர்களுக்கு இந்த ஒரு திருத்தம் பெரிய விடுதலை.

பேருந்தில் நடத்துநர் நெரிசலுக்குள் முன்னும் பின்னும் போய்வருவதைப் பார்க்கும்போது ஜெர்ரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் ஆய்வு நினைவுக்கு வந்தது. இலண்டன் மாடிப் பேருந்துகளில் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிக்கொண்டே இருக்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வருகிறது என்று அவர் 1953இல் எழுதினார். உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை எண்களால் காட்டிய முதல் ஆய்வுகளுள் அது ஒன்று. ஆனால் ஓட்டுநர்களின் சீருடைக் கால்சட்டை வேலையில் சேரும்போதே இடுப்பில் பெரிதாக இருந்தது, அதாவது அவர்கள் முன்பே பருமனானவர்கள் என்பதையும் சில ஆண்டுகளில் அவரே கண்டு வெளியிட்டார். தம் முடிவுக்குத் தாமே இடையூறு தேடிய அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

1 டிசம்பர், ஞாயிறு

எடை அசையவில்லை. இதில் வியப்பில்லை, என் எடையுள்ள ஒருவர் அரைமணி வேகமாக நடந்தால் செலவாவது ஏறத்தாழ 120, 130 கலோரிதான், ஒரு மெதுவடையில் அது திரும்பி வந்துவிடும். ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க ஏறத்தாழ 7,700 கலோரி குறைய வேண்டும் என்ற பழைய கணக்கை ஓரளவுக்கே நம்பலாம், உடல் இளைக்க இளைக்க அதன் செலவும் சுருங்குகிறது என்றாலும், நடையால் மட்டும் எடை இறங்காது என்பதைக் காட்ட அது போதும். எடையை இறக்குவது பெரும்பாலும் தட்டு. நடை வேறு பல நன்மைகளைச் செய்கிறது.

ஆகவே தட்டைப் பார்த்தேன். காலையில் இரண்டு, அலுவலகத்தில் இரண்டு என்று காப்பி, தேநீர் வழியாக மட்டும் நாளொன்றுக்கு எட்டுக் கரண்டி சர்க்கரை போகிறது. கரண்டிக்கு ஐந்து கிராம் என்றால் 40 கிராம், 160 கலோரி, அதாவது என் நடைக்கும் மேல். அதைப் பாதியாக்கினேன். மதிய டப்பாவில் சாதத்தின் அளவைக் குறைத்து, அந்த இடத்தில் பொரியலையும் சுண்டலையும் கூட்டியிருக்கிறேன். புரதமும் நார்ச்சத்தும் இருந்தால் நான்கு மணிக்குப் பசி வந்து பஜ்ஜிக் கடைப் பக்கம் இழுக்காது.

எல்லோரும் சிறுதானியத்துக்கு மாறச் சொல்கிறார்கள். நார்ச்சத்துக்காக அவை நல்லவைதாம். ஆனால் நூறு கிராம் தினையிலும் சாமையிலும் உள்ள கலோரி அரிசியோடு ஒப்பிடப் பெரிதாகக் குறைவில்லை. தினைப் பொங்கலை நெய் மிதக்க இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு உடல் இளைக்கவில்லை என்று தானியத்தை நொந்துகொள்வதில் பொருளில்லை.

16 டிசம்பர், திங்கள், மார்கழி முதல் நாள்

மார்கழி பிறந்ததில் எனக்கு ஒரு வசதி உண்டு. விடியுமுன்னே வீதியெல்லாம் விளக்கெரிகிறது, பெண்கள் வாசலில் நிற்கிறார்கள், தனியாக நடக்க அச்சமில்லை. கோலம் பெரிதாகப் போட வேண்டியிருப்பதால் குந்தி எழுவதும் கூடுகிறது. ‘அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்த வரைக்கும் எங்களுக்கு எந்த வாக்கிங்கும் தேவைப்படலியேம்மா’ என்றார் அத்தை. அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்த உழைப்பு உடலைக் கட்டாக வைத்தது; முதுகையும் முழங்காலையும் தேய்த்தும் விட்டது, அதற்கான தைலம்தான் இன்று அவருடைய அலமாரியில் இருக்கிறது.

நடையோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சியும் வேண்டும் என்பது அதே 2020 வழிகாட்டுதலின் பரிந்துரை. சாப்பிட்ட சர்க்கரையின் பெரும்பகுதியை உள்வாங்குவது தசை. உணவை மட்டும் குறைத்து இளைத்தால் கொழுப்போடு தசையும் கரைந்துபோகும். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போக எனக்கு நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. குக்கர் விசில் வரும்வரை தோப்புக்கரணம், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு சாய்வாகத் தண்டால், குதிகாலை உயர்த்தி இறக்குதல் என்று வைத்துக்கொண்டேன். பருப்பு வேகும் நேரம் இப்படியாவது உருப்படியாகக் கழிகிறது.

10 ஜனவரி 2025, வெள்ளி

இன்று வைகுண்ட ஏகாதசி. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அதிகாலையில் பரமபத வாசல் திறப்புக்கு வந்த கூட்டத்தில் உத்திர வீதியில் நடப்பதை நினைத்தும் பார்க்க முடியாது. பகலில் மொட்டை மாடியில் சிறிது நடந்துவிட்டு, மீதி நேரம் படித்தேன்.

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு நடத்தி 2006இல் வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வு பற்றியது அது. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. உணவிலும் உடற்பயிற்சியிலும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அது 39.3 விழுக்காடாக இருந்தது. நான் இருமுறை படித்த பகுதி, அந்த இரண்டாம் குழுவினரின் எடை பெரிதாகக் குறையவே இல்லை என்பது. அப்படியானால் எடைபார்க்கும் கருவி அசையாத வாரங்களிலும் உள்ளே ஏதோ நடந்துகொண்டுதான் இருக்கிறது. இதை முதலிலேயே சொன்னால் நடையைப் பாதியில் விடுகிறவர்கள் குறைவார்கள் என்று தோன்றுகிறது.

17 ஜனவரி, வெள்ளி

பொங்கல் முடிந்தது. எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. மூன்று நாளில் ஒரு கிலோ கொழுப்பு சேர்வதற்கில்லை. மாவுச்சத்தைத் தசையும் கல்லீரலும் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் உடன் தங்கும். முதல் வாரத்தில் மளமளவென்று இறங்குவதாக விளம்பரங்கள் காட்டும் எடையும் இந்த நீர்தான். சர்க்கரைப் பொங்கல் நன்றாக இருந்தது.

26 பிப்ரவரி, புதன்

எடை 68.8 கிலோ, இடுப்பு 89 செ.மீ. எடையைவிட இடுப்பு எனக்கு மகிழ்ச்சி தருகிறது. சர்க்கரைச் சராசரியை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

2024ஆம் ஆண்டுக்கான நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின் முடிவுகள் வெளியாகியுள்ளன. பெண்களின் வீட்டு வேலை நேரம் 299 நிமிடத்திலிருந்து 289ஆகக் குறைந்திருக்கிறது. ஆண்களுடையதும் 97இலிருந்து 88ஆகக் குறைந்திருக்கிறது. நமக்குக் கிடைத்த பத்து நிமிடம் அவர்கள் கைகொடுத்ததால் வந்ததன்று, மிக்ஸியும் வாஷிங் மெஷினும் கொடுத்ததாகவே இருக்க வேண்டும்.

மார்ச் 3இல் பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்குகிறது. தேர்வு முடியும்வரை மகனைப் பாத்திரத்திலிருந்து விடுவிக்கத்தான் வேண்டும். அவை இயல்பாக என்னிடமே திரும்பி வந்துவிடும், அடுத்த நாள் 5.15 நடை அதோடு போய்விடும் என்பதால், அட்டவணையில் அந்த இடத்தில் கணவரின் பெயரை எழுதி குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, குழம்புச் சட்டியை மட்டும் முன்கூட்டியே ஊறவைக்கச் சொன்னார். ஒப்புக்கொண்டேன்.