வெள்ளிக்கிழமை போட்ட தேதியும் என் இடுப்பு வலியும்

தெமுஜான்ஜி கார்டில், அதாவது டாக்டரையோ ஃபிசியோவையோ பார்க்க நாள் குறித்துத் தரும் அட்டையில், தேதியை மட்டும் பார்க்காதீர்கள், கிழமையையும் பாருங்கள். நாங்கள் இருப்பது மலேசியாவின் கெடா மாநிலத்தில், தெற்குப் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன டவுன். கெடாவில் அரசாங்க அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. எனக்கு இடுப்பு வலிக்கான ஃபிசியோவுக்கு (உடற்பயிற்சி சிகிச்சைக்கு)க் கவுண்டரில் கைப்பட எழுதிக் கொடுத்த தேதியோ வெள்ளிக்கிழமையில் விழுந்திருந்தது. நம்பிவிட்டேன். வீட்டுக்காரர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கூட வந்தார். பக்கத்து வீட்டுத் தம்பியின் காருக்கு 40 ரிங்கிட். தோட்டத்துச் செம்மண் சாலையில் ஒவ்வொரு குழிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு போய் இறங்கினால், கதவில் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். நீங்கள்தான் பார்த்திருக்க வேண்டும் என்றார்கள். புதுத் தேதி ஐந்து வாரம் தள்ளி. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

எனக்கு 51 வயது. தோட்டத்து நர்சரியில் வேலை. மண் நிரப்பிய பாலிபேக்கைத் தூக்கி அடுக்கியே பாதி நாள் போகும். வலி வந்ததும் தைலம், மாத்திரை, ஓய்வு என்று நாலு மாதம் ஓட்டினேன். மூன்று மாதம் தாண்டினாலே அது நாள்பட்ட வலி என்பது அப்போது தெரியாது. ஒரு தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "தேய்ஞ்சு போச்சு, இனிமே குனியாதீங்க, கனம் தூக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். இடுப்பு பெல்ட் ஒன்று 180 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். வலியைவிட அந்தப் பேச்சுதான் என்னைப் படுக்கையில் தள்ளியது. கீழே விழுந்த சீப்பை எடுக்கக்கூடப் பேத்தியைக் கூப்பிட்டேன். படுக்கப் படுக்க இடுப்பு இன்னும் இறுகிக்கொண்டது.

அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி, டாக்டரைப் பார்த்து, ஃபிசியோவுக்குக் கடிதம் வாங்கியதெல்லாம் சுலபமாக முடிந்தது. அந்தக் கடிதத்தை மட்டும் போட்டோகாப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புதுத் தேதியில் போனபோது அசலை அவர்களே தேடிக்கொண்டிருந்தார்கள். என் கையில் நகல் இல்லையென்றால் அன்றைக்கும் திரும்பி வந்திருப்பேன்.

முதல் தடவை பத்தே நிமிடம். மலாயில் அச்சடித்த ஒரு தாள், நான்கு படம், ஒவ்வொன்றும் பத்து தடவை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் ஸ்பிரிங் மெத்தைமேல் செய்தேன். மூன்றாம் நாள் இடுப்பு கொதித்தது. பயந்துபோய் இரண்டு வாரம் தாளைத் தொடவே இல்லை. எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இதே மாதிரி தாளை வாங்கி வந்து, வலித்ததும் விட்டுவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். அவர்கள்மேல் தப்பே இல்லை. செய்து காட்டச் சொல்லி யாரும் பார்க்கவில்லையே.

இரண்டாவது தடவை ஒரு தமிழ்ப் பெண் இருந்தார். தாளை ஓரமாக வைத்துவிட்டு, "அக்கா, வீட்டுல செய்யற மாதிரியே செஞ்சு காட்டுங்க" என்றார். தரையில் விரிப்புப் போட்டு, கையையும் முட்டியையும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டினேன். "மூச்ச ஏன் பிடிச்சிருக்கீங்க? காலு ரொம்ப மேல போகுது, இடுப்பு வளையுது பாருங்க." பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலை என் இடுப்பின்மேல் படுக்க வைத்தார். அது உருளாமல் கால் எவ்வளவு நீளுமோ அவ்வளவு போதும். தொடை நடுங்கியது, உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது, பாட்டில் மட்டும் அசையவில்லை. பத்து வேண்டாம், நாலு போதும் என்றார்.

தேய்மானத்தைப் பற்றியும் அவரிடம்தான் கேட்டேன். வலியே இல்லாத 50 வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் பத்தில் எட்டு பேருக்கு டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு, தேய்ந்திருப்பது தெரியும் என்றார். இத்தனை நாள் நான் எதற்குப் பயந்தேன் என்று அழுகையே வந்துவிட்டது. பெல்ட் கதையும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில், நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி வேண்டும், பெல்ட் வேண்டாம் என்றே இருக்கிறது. மகள் வாசித்துக் காட்டினாள். அந்த 180 ரிங்கிட்டைக் காருக்கு வைத்திருந்தால் நாலு தடவை ஃபிசியோவுக்குப் போயிருக்கலாம்.

அந்த ஃபிசியோ பெண் சொன்ன கணக்கு எனக்குப் பெரிய உதவி. செய்யும்போது வலி பத்துக்கு நாலுக்குள் இருந்து, மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரி. அதற்கு மேல் போனால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், நிறுத்தக்கூடாது. ஆனால் காலில் பலம் குறைந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ பயிற்சி, தெமுஜான்ஜி எதையும் பார்க்காமல் உடனே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. எனக்கு ஃபிசியோவில் கொடுத்தது எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) இல்லை, டைம் ஸ்லிப், அதாவது அங்கே இருந்த நேரத்துக்கான சீட்டு. தோட்டத்துக் கிராணி (அலுவலக எழுத்தர்) முதல் தடவை அதை ஏற்கவில்லை. அடுத்த தடவை வந்த நேரம், போன நேரம் இரண்டையும் எழுதி முத்திரை போட்டு வாங்கிக் கொடுத்தேன், பேசாமல் வாங்கிக்கொண்டார்.

அவர் சொன்னபடி செய்ய ஆரம்பித்து ஐந்து வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஆறாவது வாரம் ஒரு காலையில் கட்டிலைப் பிடிக்காமல் எழுந்தேன். அப்புறம் அந்த ஃபிசியோ பெண் 5 கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து தூக்கப் பழக்கினார், பிறகு 10 கிலோ. இப்போது வலி அறவே இல்லை என்று சொல்லமாட்டேன், மழை நாளில் இருக்கிறது. ஆனால் பாலிபேக்கைத் தூக்குகிறேன், சீப்பையும் நானே எடுக்கிறேன்.

போன வாரம் அடுத்த தேதி போட்டார்கள். பேனாவை வாங்காத குறையாகக் கவுண்டரிலேயே நின்று, பக்கத்தில் கிழமையையும் எழுதச் சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'செலாசா' என்று எழுதிக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை. காலண்டரிலும் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது.