கையில் பூசும் கிருமிநாசினி

2020 ஆம் ஆண்டில் ஊரடங்கு தளர்ந்த ஒரு காலையில், கிளிநொச்சியிலிருந்து வெள்ளவத்தையில் உள்ள எங்கள் தொடர்மாடிக்கு வந்த சின்னம்மா, மின்தூக்கியின் அருகே ஒட்டியிருந்த அறிவித்தலைப் படித்துவிட்டு, நீட்டிய கையைப் பின்னே இழுத்துக்கொண்டார். "உள்ளே வர முன் கைகளில் கிருமிநாசினி பூசவும்" என்று அதில் எழுதியிருந்தது.

"உதைக் கையில பூசிப்போட்டு எப்பிடிப் பிள்ளை சோறு தின்னுறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மிளகாய்த் தோட்டத்துக்கு மருந்தடித்தே காலத்தைக் கழித்த அவருக்கு, கிருமிநாசினி என்பது பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி கொட்டிலின் கூரையில் செருகி வைக்கும் நஞ்சுப் போத்தல்தான்.

யோசித்துப் பார்த்தால், சின்னம்மாதான் சொல்லின் பழைய பொருளில் நின்றார். கிருமி வடமொழியிலிருந்து வந்த சொல். அங்கே அதற்குப் புழு, பூச்சி என்று பொருள். இராமானுசரைத் துன்புறுத்தியதாக வைணவ மரபு கூறும் சோழனுக்குக் கிருமிகண்டன் என்ற பெயர் வந்தது, அவனுடைய கண்டத்தில், அதாவது கழுத்தில், புழு வைத்ததாகச் சொல்லப்படுவதால்தான். சிங்களத்தில் இன்றும் க்ருமி என்றால் பூச்சி. க்ருமிநாஷக என்றால் பூச்சிகொல்லி. நோய் தரும் நுண்ணுயிர்களை அவர்கள் விஷபீஜ, நச்சு விதை, என்கிறார்கள். கொழும்பில் மும்மொழிப் பலகைகளைப் படித்துப் பழகியவர்களுக்குக்கூட இந்த வேறுபாடு எளிதில் கண்ணில் படுவதில்லை.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்காகக் கலைச்சொற்களையும் ஆக்கிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1873 இல் அமெரிக்காவுக்குத் திரும்பினார். ஜேர்மன் மருத்துவர் றொபேட் கோக் காசநோயின் பற்றீரியாவைக் கண்டறிந்ததாக அறிவித்தது அதற்குப் பிறகு, 1882 இல்தான். நுண்ணுயிர்களே நோய்க்குக் காரணம் என்பது உலகெங்கும் நிலைபெற்றபின், தமிழ் வழக்கு புழுவைக் குறித்த பழைய சொல்லையே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கிக்கொண்டது. குழந்தையின் வயிற்றுப் புழுவோ, பேச்சில் பூச்சியாகிவிட்டது. அதற்குக் கொடுப்பது பூச்சி மருந்து.

நுண்ணுயிரைக் குறிக்கப் பாடநூல்களில் வரும் நுண்ணங்கி என்ற சொல்லில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. பாலைத் தயிராக்குவதும் பற்றீரியாதான், ஆனால் தயிரில் கிருமி இருக்கிறது என்று சொன்னால் சட்டியோடு வெளியே கொட்டிவிடுவார்கள். நோயை உண்டாக்குவதை மட்டும் குறிக்க நோயாக்கி என்ற நல்ல சொல் இருந்தும் அது பரீட்சைத் தாளைத் தாண்டி வரவில்லை. பேச்சில் பற்றீரியா, வைரசு, பங்கசு எல்லாமே கிருமிதான். இதில் ஒரு சிக்கலும் உண்டு: வைரசுக் காய்ச்சலுக்கு அன்ரிபயோட்டிக் வேலை செய்யாது என்று மருத்துவர் விளக்கினாலும், "கிருமிதானே, கிருமிக்கு மருந்து தாங்கோவன்" என்று கேட்பவருக்கு அந்த விளக்கம் ஏறுவதில்லை.

கிருமி என்ற சொல்லை விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்து நஞ்சுக்கும் கைக்குப் பூசும் திரவத்துக்கும் ஒரே பெயர் இருப்பது ஆபத்து. அதனால் முகாமைக் குழுவினரிடம் பேசி, அறிவித்தலில் 'தொற்றுநீக்கித் திரவம்' என்று மாற்றுவித்தேன். அடுத்த முறை வந்த சின்னம்மா அதை நின்று படித்தார், பூசவில்லை. காவலாளியிடம் சவர்க்காரம் கேட்டு வாங்கி, குழாயடியில் முழங்கைவரை கழுவிக்கொண்டு மேலே வந்தார்.