டெல்ஃப்ட்ல பாப்பாவோட நீச்சல் கிளாஸ்

நெதர்லாந்துல இருக்கற டெல்ஃப்ட்டுக்கு வந்த புதுசுல ஊரை ரசிக்கவே தோணல எனக்கு. ரோட்டைத் தாண்டினா வாய்க்கா, பார்க்குக்குப் போனா வாய்க்கா, எதுக்கும் ஒரு கம்பி வேலி கிடையாது, அதுலயும் கோடைல பச்சைப்பசேல்னு பாசி மூடிட்டா அசல் புல்தரை மாதிரியே இருக்கும். ரெண்டரை வயசு ஓட்டக்காரிய வச்சிருக்கவங்களுக்குத்தான் தெரியும் அந்த பயம்.

பக்கத்து வீட்டு டச்சு அம்மா கிட்ட பொலம்பினப்ப, வேலி பத்தி அவங்க ஒண்ணுமே சொல்லல, புள்ளைய நீச்சலுக்குப் போட்டாச்சான்னு மட்டும் கேட்டாங்க. இங்க நெதர்லாந்துல நிலத்துல சுமார் கால்வாசி கடல் மட்டத்துக்குக் கீழ இருக்கு, அதனால நீச்சல் ஹாபி கணக்குல வராது. ஏ, பி, சின்னு மூணு டிப்ளோமா இருக்கு, 1998ல இருந்து இதே முறை. ஏ-க்கே டிரஸ், ஷூ எல்லாம் போட்டுக்கிட்டு தண்ணில இறங்கணும், தண்ணிக்கடியில ஒரு தார்ப்பாய் தொங்கும், அதுல இருக்கற ஓட்டை வழியா புகுந்து வெளிய வரணும். யாரும் நீச்சல் டிரஸ்ஸோட வாய்க்கால்ல விழறதில்லையே, நியாயம்தான். முன்னெல்லாம் ஸ்கூல்லயே கட்டாயமா சொல்லிக் குடுத்தாங்களாம், 1985ல அந்தக் கட்டாயத்தை எடுத்துட்டாங்க, இப்ப பெத்தவங்க செலவு, அதுக்கும் வெயிட்டிங் லிஸ்ட்.

டிப்ளோமா கிளாஸ் பெரும்பாலும் நாலு, அஞ்சு வயசுலதான் ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி இருக்கறது அம்மாவோ அப்பாவோ கூட இறங்கற பொடிசுங்க கிளாஸ், இதுல நீச்சல் ஒண்ணும் பெருசா வராது, நீங்க எதிர்பார்க்காதீங்க. பாட்டு பாடிக்கிட்டே வட்டமா சுத்துவோம், பூவாளில தலைல தண்ணி ஊத்துவாங்க, மூச்சை அடக்க பழகறது, கரைல உக்காந்து நம்ம கைல குதிக்கறது, குதிச்ச உடனே திரும்பி கரையப் பிடிக்கறது. எனக்கு அந்த கடைசி விஷயத்துக்கே குடுத்த காசு தகும். விழுந்தா எந்தப் பக்கம் திரும்பணும்னு உடம்புக்குத் தெரியணும்ல. அதுக்காக புள்ளை தப்பிச்சுரும்னு நினைச்சு கண்ணை எடுத்துரக் கூடாது, டீச்சரே அதை திரும்பத் திரும்ப சொல்றாங்க.

எங்க கிளாஸ்ல பாதிப் பேர் அப்பாங்க. வாரத்துல ஒரு நாள் லீவு எடுத்து புள்ளைய பார்த்துக்கற பழக்கம் இங்க நிறைய பேருக்கு இருக்கு, பாப்பாடாக், அதாவது அப்பா நாள்னு சொல்வாங்க. எனக்குத்தான் முதல்ல கூச்சம், முழுக்கை ஸ்விம் சூட் வாங்கிப் போட்டுக்கிட்டு போனேன், ஒருத்தரும் திரும்பிக்கூட பார்க்கல, அவங்கவங்க புள்ளைய பிடிக்கவே கை பத்தல. நிஜமான போராட்டம் டிரஸ் மாத்தற ரூம்லதான், ஈரத்துல ஒட்டிக்கிட்ட நீச்சல் டயப்பரை கழட்டறதுக்கு தனியா ஒரு டிப்ளோமா குடுக்கலாம்.

ஈரோட்டுல இருந்து மாமியார் வீடியோ கால்ல, "குளிர்ல எதுக்கும்மா, சளி பிடிச்சுக்கும்"னாங்க. குளம் கதகதப்பாதான் இருக்கு அத்தைன்னு சொன்னாலும் நம்பல. மாமாதான் பின்னாடி இருந்து, தன் முதுகுல சுரைக்குடுக்கைய கட்டி தன்னை கிணத்துல தள்ளிவிட்ட கதைய ஆரம்பிச்சுட்டாரு, அப்புறம் அத்தைக்கு பேச சந்தர்ப்பமே கிடைக்கல. தலைய நல்லா துவட்டி குல்லா போட்டுத்தான் சைக்கிள்ல உக்கார வைக்கறேன், சளி வந்தா அது டேகேர் உபயம்.

இன்னொரு லாபமும் இருக்கு, நீச்சல் முடிஞ்சு வந்தா அகோரப் பசி, சாதாரண நாள்ல துப்பற பருப்பு சாதத்தை கேட்டு வாங்கி சாப்பிடறா. ஏ டிப்ளோமாவுக்கு இப்பவே பேர் குடுத்து வச்சாச்சு. வீட்டுக்காரர் பெரியவங்க கிளாஸ் இருக்கான்னு விசாரிச்சிட்டு இருக்காரு, அவருக்கும் நீச்சல் தெரியாது, அதுக்கும் லிஸ்ட்டாம்.