ஒரே கணினியில் மூன்று பைத்தான்: பிப்ரவரி 2024 நாட்குறிப்பு

பிப்ரவரி 3

புதிய வேலைக்குப் பைத்தான் நிரல்மொழியின் 3.12 பதிப்பு வேண்டும். கணினியில் லினக்ஸுடன் வந்தது 3.10. புதியதை நிறுவிவிட்டு, பைத்தான்3 என்ற பெயர் சுட்டும் இணைப்பை அதன் பக்கம் திருப்பிவிட்டேன். சரியாகத்தான் தெரிந்தது. கணினியை மறுபடி தொடங்கியபோது முனையச் சாளரம் திறக்கவில்லை. அதைத் திறக்கும் சிறு நிரலே பைத்தானில் எழுதப்பட்டது என்று அப்போதுதான் அறிந்தேன். மென்பொருள் புதுப்பிப்பும் நின்றுபோனது. அதற்குத் தேவையான ஒரு தொகுப்பு 3.10-க்கென்றே தொகுக்கப்பட்டது; 3.12-ஆல் அதை ஏற்ற முடியவில்லை.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, எழுத்துத் திரைக்குள் நுழைந்து இணைப்பைப் பழையபடி வைத்தேன். எல்லாம் உயிர்பெற்றன. இயங்குதளத்தோடு வந்த பைத்தான் இயங்குதளத்தின் உடைமை. இனி அதைத் தொடமாட்டேன்.

பிப்ரவரி 4

அப்படியானால் 3.8-இல் ஓடிவரும் என் பழைய நிரலையும் 3.12-க்கே கொண்டுபோகலாமே என்று காலையில் முயன்றேன். முதல் வரியிலேயே நின்றது. அது டிஸ்ட்யூடில்ஸ் என்ற தொகுதியை அழைக்கிறது; 3.12-இல் அந்தத் தொகுதியே நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே பழையதற்கு 3.8, புதியதற்கு 3.12, இயங்குதளத்துக்கு 3.10. மூன்றும் ஒரே கணினியில் குடியிருக்க வேண்டும்.

குடியிருப்பதில் சிக்கல் இல்லை. வெவ்வேறு கோப்புறைகளில் எத்தனை பதிப்புகளையும் வைக்கலாம். பெயர் சொல்லி அழைத்தால் யார் வருவார் என்பதுதான் கேள்வி. பாத் என்ற சூழல் மாறியில் கோப்புறைகளின் வரிசை இருக்கிறது. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல், அதை இடமிருந்து வலமாகத் தேடி, முதலில் கண்டதை இயக்குகிறது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்ட பிறகு பாதிக் குழப்பம் தீர்ந்தது.

பிப்ரவரி 5

பல பைத்தான் பதிப்புகளை நிர்வகிக்கும் பைஎன்வி என்ற கருவியை நிறுவினேன். அழகான ஏற்பாடு. பாத் வரிசையின் தலையில் தன் கோப்புறை ஒன்றை வைக்கிறது. அதில் பைத்தான் என்ற பெயரில் இருப்பது பைத்தான் அல்ல, ஒரு வாயிற்காப்போன். நாம் நிற்கும் கோப்புறையிலோ அதற்கு மேலுள்ளவற்றிலோ, புள்ளியில் தொடங்கும் பைத்தான்-வெர்ஷன் என்ற கோப்பைத் தேடி, அதில் எழுதியிருக்கும் பதிப்பிடம் வேலையை ஒப்படைக்கிறது. ரூபி மொழிக்கான ஆர்பிஎன்வியிலிருந்து கிளைத்தது இது.

பதிப்புகளை மூல நிரலிலிருந்தே தொகுக்கிறது. அதனால் பொறுமை வேண்டும். 3.12.1 தொகுத்து முடிந்தபோது எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம் பற்றி ஓர் எச்சரிக்கை வந்தது. நிறுவல் முடிந்ததாகவும் சொன்னதால் கடந்துவிட்டேன். மாலையில் தரவுத்தளத்தைத் திறக்கும் வரியில் நிரல் விழுந்தது. தொகுக்கும் நேரத்தில் எஸ்க்யூலைட்டின் தலைப்புக் கோப்புகள் கணினியில் இல்லாததால், அந்தப் பகுதி இல்லாமலே பைத்தான் உருவாகியிருக்கிறது. தலைப்புக் கோப்புகளை நிறுவியபின் முழுவதையும் மறுபடி தொகுக்க வேண்டியதாயிற்று. எச்சரிக்கை வரிகளை எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும்.

பிப்ரவரி 9

இன்று ஒரு மணி நேரம் தின்ற புதிர். ஒரு திட்டத்துக்கென்றே தனியாகத் தொகுப்புகளை வைத்துக்கொள்ளும் மெய்நிகர் சூழலுக்குள், பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியை நிறுவினேன். ஒரு பெயருக்கு எந்தக் கோப்பு கிடைக்கும் என்று காட்டும் விச் கட்டளை, சூழலுக்குள் இருப்பதையே காட்டுகிறது. ஆனால் ஓடுவது இயங்குதளத்தின் பைடெஸ்ட். கண்ணெதிரே ஒன்று, கைக்குக் கிடைப்பது வேறொன்று.

நிறுவுவதற்கு முன் அதே முனையத்தில் ஒருமுறை பைடெஸ்ட் என்று தட்டியிருந்தேன். அப்போது கண்ட இடத்தை பாஷ் ஷெல் நினைவில் வைத்துக்கொண்டது. அடுத்த முறை பாத் வரிசையைத் தேடவே இல்லை. டைப் கட்டளை இந்த உண்மையைச் சொன்னது. ஹேஷ் கட்டளையால் நினைவை அழித்ததும் சரியாயிற்று. இனி விச்சை நம்பமாட்டேன், டைப்பையே கேட்பேன்.

பிப்ரவரி 14

ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் பக்கம், அதன் பதிப்புகளை நிர்வகிக்க என்விஎம். நோட் 16 பழைய தளத்துக்கு, 20 புதியதற்கு. பழைய தளத்தின் கோப்புகளைக் கட்டித் தரும் வெப்பேக் 4, நோட் 17 முதல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 3 என்ற மறையாக்க நூலகம் ஏற்காத எம்டி4 என்ற பழைய ஹாஷ் முறையைக் கேட்கிறது. அதனால் 16-ஐ விட முடியவில்லை. பொதுவாக நிறுவும் கருவிகள் பதிப்புக்குப் பதிப்பு தனித்தனி என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

பிப்ரவரி 18

இரவு நேரக் கணக்குப் பணி மூன்று நாளாக ஓடவில்லை. முனையத்தில் நான் ஓட்டினால் ஓடுகிறது. குறித்த நேரத்தில் பணிகளை ஓட்டும் கிரான், என் ஷெல்லின் தொடக்கக் கோப்புகளைப் படிப்பதில்லை. அதன் பாத் வரிசை மிகச் சிறியது, பைஎன்வி அதில் இல்லை. ஆகவே அது 3.10-ஐ எடுத்து, அங்கே இல்லாத தொகுப்பைத் தேடித் தோற்றிருக்கிறது. மெய்நிகர் சூழலில் உள்ள பைத்தானின் முழு முகவரியைக் கிரான் வரியில் எழுதினேன். அது போதும், சூழலைத் தனியே இயக்கத் தேவையில்லை.

பிப்ரவரி 25

3.12.2 வந்துவிட்டதென்று அதை நிறுவி, 3.12.1-ஐ நீக்கினேன். அதிலிருந்து உருவாக்கிய மெய்நிகர் சூழல்கள் எல்லாம் அந்த நொடியே செத்தன. அவற்றுக்குள் இருந்த பைத்தான் வெறும் இணைப்புதான். அது சுட்டிய இடத்தில் இப்போது எதுவும் இல்லை. தொகுப்புப் பட்டியலை ஒவ்வொரு திட்டத்திலும் கோப்பாக வைத்திருந்ததால் சூழல்களை மறுபடி கட்ட அரை மணி நேரமே ஆயிற்று. பட்டியல் இல்லாத ஒரே திட்டம் என் மதியத்தை முழுதாக எடுத்துக்கொண்டது. அதற்கும் இப்போது எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 28

பழைய திட்டத்தை இன்னொரு கணினியில் இறக்கினேன். பதிப்பு எண் எதுவும் தராமல் பைஎன்வி இன்ஸ்டால் என்றேன். பைத்தான்-வெர்ஷன் கோப்பைப் படித்து 3.8.18-ஐத் தானாகவே தொகுத்தது. சோதனைகள் அனைத்தும் தேறின. மனம் நிறைந்தது.

ஆனால் வரும் அக்டோபரில் 3.8-க்கான பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிடும். டிஸ்ட்யூடில்ஸை அழைக்கும் வரிகளைத் தேடினேன்: நான்கு இடங்கள். நான்கிலும் அது செய்வது ஒரே வேலை, இரண்டு பதிப்பு எண்களில் எது புதியது என்று ஒப்பிடுவது. அதற்குப் பேக்கேஜிங் தொகுப்பு இருக்கிறது. முதல் இடத்தை மாற்றிவிட்டேன். மற்ற மூன்றும் நாளை.