ஆவாரஞ்செடியைப் பிடுங்காதீங்க

நாங்குநேரி ரோட்டோரம் இன்னைக்கு ஒருத்தர் பூத்து நின்ன ஆவாரஞ்செடியை வேரோட இழுத்துக்கிட்டிருந்தார். வீட்டு வேலியில நட்டு வைக்கணுமாம்.

கையில வந்தது முக்கால் முழ வேர்தான். நுனி அறுந்து, உள்ளே வெள்ளையா தெரிஞ்சுது.

அது பிழைக்கிறது கஷ்டம். ஆவாரைக்கு ஆணிவேர். அறுந்தா மேல இருக்கிற இலைக்குத் தண்ணி ஏறாது.

விதைதான் வழி. தட்டையான காய் பழுப்பாகி, உலுக்கினா சலசலக்கணும். ஓட்டை விழுந்த விதையை வண்டு தின்னிருக்கும், தள்ளிடுங்க.

விதைத்தோல் கல்லு மாதிரி. அப்படியே போட்டா மாசக்கணக்கில் மண்ணுக்குள்ள சும்மா கிடக்கும். தண்ணியைக் கொதிக்க வச்சு, அடுப்பை விட்டு இறக்கின பிறகு விதையைப் போட்டு ராத்திரி முழுக்க விடுங்க. காலையில உப்பியிருக்கிறது முளைக்கத் தயார். உப்பாததை மணலோட சேர்த்துத் தேய்ச்சு மறுபடி ஊற வைக்கலாம்.

ஐப்பசி மழைக்கு முன்னாடி, நிற்கப்போற இடத்துலயே குழிக்கு மூணு விதை, அரை அங்குல ஆழம். வேலிக்குன்னா குழிக்குக் குழி ரெண்டு அடி இடைவெளி போதும். செம்மண்ணும் சரளையும் அதுக்குச் சொர்க்கம். தண்ணி தேங்குற களிமண்ணுல வேர் அழுகிடும்.

ஒரு அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்க, அடர்ந்து கிளைக்கும்.

இலையில பச்சைப் புழு இருந்தா மருந்து அடிக்க வேண்டாம். வெளிர் மஞ்சள் வண்ணத்துப்பூச்சியோட பிள்ளைங்க அது. தின்ன இலை திரும்பத் துளிர்க்கும்.