மூன்று கிரெடிட்டும் ஓர் இனிஷியலும்

ஐந்தாவது செமஸ்டரில் ஓர் எலெக்டிவ் (விருப்பப்) பாடத்தை வகுப்பில் உட்காராமல், மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயத்தில் படித்து முடித்தேன். முடித்தேன் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். ஜூலையில் தொடங்கிய வேலை மார்ச்சில்தான் தீர்ந்தது. அதில் படிப்புக்குப் போனது 12 வாரம். மிச்ச நாளில் பாதியை என் பெயர் தின்றது.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே சறுக்கினேன். சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழிப் பாடத்தைச் சீனியர் அக்காக்கள் ஆஹா ஓஹோ என்றிருந்தார்கள். அதில் சேர்ந்து முதல் வார வீடியோக்களையும் பார்த்துவிட்டேன். பிறகுதான் எங்கள் கல்லூரியில் இதற்குப் பொறுப்பாக இருந்த மேடம், "இது 8 வாரப் பாடம்மா, 2 கிரெடிட்தான் வரும். உன் எலெக்டிவ் 3 கிரெடிட் ஆச்சே?" என்று கேட்டார். கிரெடிட் என்பது பட்டத்துக்காகப் பாடம் பாடமாகச் சேர்க்கும் புள்ளி. ஸ்வயத்தில் ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்களில் 4 வாரத்துக்கு 1, 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3 கிரெடிட். இதைப் பார்க்காமல் சேருகிறவர்கள் வருடா வருடம் உண்டாம். நல்லவேளை, சேருவதற்கான கடைசித் தேதி தாண்டவில்லை. ஐ.ஐ.டி. ரோபர் நடத்தும் 12 வார 'ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங்' பாடத்துக்கு மாறினேன்.

அடுத்தது அனுமதிக் கடிதம். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2016-ல் கொண்டுவந்த விதிப்படி ஒரு செமஸ்டரின் பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயத்தில் படிக்கலாம்; 2021-ல் அதை 40 சதவீதமாக்கினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எந்தப் பாடத்துக்குப் பதிலாக எதை ஏற்பது என்று முடிவு செய்வது கல்லூரிதான். எங்களுக்கு முந்தைய பேட்சில் இரண்டு பேர் முதலில் படித்துப் பாஸ் செய்துவிட்டு அப்புறம் போய்க் கேட்டிருக்கிறார்கள். "சர்டிஃபிகேட்டை வீட்டுல ஃப்ரேம் போட்டு மாட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டார்களாம். எலெக்டிவையும் தனியாக எழுதினார்கள். அதனால் நான் முதலிலேயே துறைத் தலைவரின் கையெழுத்து வாங்கி, அதற்கு ஒரு ஜெராக்ஸும் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த ஜெராக்ஸ் பின்னால் இரண்டு முறை உதவியது.

படிப்பைப் பற்றிப் பெரிய குறை இல்லை. பாடத்தில் சேரக் காசு கிடையாது. தேர்வு எழுத 1000 ரூபாய். வாரம் ஒரு அசைன்மென்ட், புதன்கிழமை நள்ளிரவுக்குள் போட வேண்டும். ஹாஸ்டலில் புதன் இரவு பத்து மணிக்கு மேல் வைஃபை படும் பாட்டை நான் சொல்லத் தேவையில்லை. 12 அசைன்மென்ட்டில் சிறந்த 8-ஐ மட்டும் எடுப்பார்கள் என்பதால் தீபாவளி வாரத்தையும் காய்ச்சல் வந்த வாரத்தையும் கை கழுவிவிட்டேன். பரமபத விளையாட்டையும், ஒரே பிறந்த நாள் உள்ள இருவரைத் தேடும் கணக்கையும் நிரலாக எழுத வைத்தார்கள். 23 பேர் இருந்தாலே இருவருக்கு ஒரே பிறந்த நாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்று கேட்டதும் நம்பாமல் எங்கள் வகுப்புப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இரண்டு ஜோடி இருந்தது! அதில் ஒரு ஜோடிக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது.

தேர்வு மட்டும் ஆன்லைன் இல்லை. மையத்துக்கு நேரில் போய், கண்காணிப்பாளர் முன்னால் கம்ப்யூட்டரில் 3 மணி நேரம் எழுத வேண்டும். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. மொத்தம் 40 வந்தால் போதாது. அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 தனித்தனியாக வர வேண்டும். அசைன்மென்ட் விடைகள் வாட்ஸ்அப்பில் சுற்றுவது ஊரறிந்த ரகசியம். அதை நம்பி 25-க்கு 24 வாங்கிய என் பக்கத்து ரூம் தோழி தேர்வில் 27-ல் நின்றுவிட்டாள். எனக்கு 21-ம் 47-ம் சேர்ந்து 68. சான்றிதழில் 'எலைட்' என்று போட்டு வந்தது.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஜனவரியில் கல்லூரி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். எல்லோருடைய கிரெடிட்டையும் 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' கணக்கில் ஏற்றுகிறார்கள், என் வரி மட்டும் திரும்பி வந்திருக்கிறது. 2021-ல் வந்த ஏற்பாடு இது. ஆவணங்களை ஆன்லைனில் வைத்துக்கொள்ளும் அரசு தளமான டிஜிலாக்கர் வழியாக 12 இலக்க எண் ஒன்று எடுக்க வேண்டும். நாம் சேர்க்கும் கிரெடிட்டெல்லாம் அதில் போய் உட்காரும். டிஜிலாக்கர் பெயரை எடுப்பது ஆதாரிலிருந்து. என் ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் முழுசாக இருக்கிறது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். கல்லூரிப் பதிவேட்டில் அதே இனிஷியல் பெயருக்கு முன்னால், புள்ளியோடு. மனிதர் யாரும் இதை மூன்று ஆள் என்று நினைக்க மாட்டார். கம்ப்யூட்டர் நினைத்தது.

"ஆதாரை மாத்திட்டு வாம்மா" என்றார் அலுவலக அண்ணன். நீங்கள் உங்கள் பட்டியலை மாற்றக் கூடாதா என்று கேட்டேன். பட்டச் சான்றிதழே மார்க் ஷீட்டைப் பார்த்துத்தான் அடிப்பார்கள், அதைத் தொட்டால் இன்னும் வம்பு என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். கடைசியில் இரண்டு பக்கமும் இறங்கி வந்தோம். அவர் தன் பட்டியலில் இனிஷியலைப் பின்னுக்குத் தள்ளிப் புள்ளியை எடுத்தார். நான் மார்க் ஷீட்டோடு ஆதார் மையத்துக்குப் போனேன். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், திரையில் ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே சரி என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர் உச்சுக்கொட்டினார்.

மாற்றம் வந்ததும் டிஜிலாக்கரில் ஆதாரைப் புதுப்பித்தேன். மார்ச் இரண்டாவது வாரம் அந்த 3 கிரெடிட் என் கணக்கில் தெரிந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டுக் குரூப்பில் போட்டேன். அம்மா ஒரு கட்டைவிரல் அனுப்பினாள். அப்பா புது ஆதாரைக் கையில் வாங்கிக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, என் பேரு எங்க?" என்று கேட்டார்.

கடைசி எழுத்தைக் காட்டினேன்.